சுவரிலிருந்து ஒன்றரை அடி

நவம்பர் கடைசியில் பரணிலிருந்து
ரஜாய் மூன்றும் இறங்கிய அன்றுதான் கவனித்தேன்.
பாடுகிறவளின் பல் கூசும் ‘ஸ’
கொஞ்சம் சாந்தமாகியிருந்தது.

மயூர் விஹார். இரண்டாம் மாடி.
பதினொன்றுக்குப் பதின்மூன்று கூடம்.
வீட்டுக்காரர் பெருமையோடு இழைத்த மார்பிள் தரை.
ஒரு கை தட்டினால்
ஒன்பது கை திருப்பித் தட்டும்.

சுவருக்குக் காது உண்டென்று சொல்லி வளர்த்தார்கள்.
வாய் உண்டென்று ஒருவரும் சொல்லவில்லை.
பாட்டுக்காரி ஒரு சொல்லை முடிக்கும் முன்
நாலு பக்கமிருந்தும் அதையே முணுமுணுக்கிற வாய்,
நிச்சயதார்த்தத்தில் பேச்சுக்கு நடுவே
பேச்சை எடுத்துக்கொள்ளும் சம்பந்திகள் மாதிரி.

போனஸ் பணத்தில் வந்த ஸ்பீக்கர் இரண்டும்
மூன்று வருஷம் மூலையில் நின்றன.
ஒன்றின் தலையில் மணிபிளாண்ட்.
மூலையில் வைத்தால் இடம் மிச்சம்,
பேஸ் ஏராளம் என்றான் கடைக்காரன்.
ஏராளந்தான்.
ஆனால் கூடத்தின் நட்டநடுவில், என் நாற்காலியில்,
மிருதங்கத்தின் தொப்பி மட்டும் கேட்காது.
எழுந்து தேடிப் போனால்
அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருக்கும்,
அழைத்தும் உள்ளே வரத் தயங்குகிற ஆளாக.

மீதி எங்கே போயிற்றென்று
கீழ்வீட்டு மிஸஸ் தனேஜா படியேறி வந்த
ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.
சண்டை போடவில்லை.
நீயே வந்து கேள் என்றாள்.
அருமைநாயகத்தை மேலே பாட்டுப் போடச் சொல்லிவிட்டு
அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.
சொல் இல்லை. ராகம் இல்லை.
தும்.
தும்.
யாரோ தலைக்குள் பீரோ நகர்த்துவதுபோல.
அலமாரியில் ஒரு தம்ளர்
தாளம் தப்பாமல் நடுங்கியது.
“இதில் யாராவது பாடுவார்களா?”
உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அன்றிரவே டேப்பை எடுத்தேன்.
பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி.
பக்கச்சுவரிலிருந்து இரண்டே கால்.
பழைய ஹவாய் செருப்பை வெட்டி
கால்களுக்கு அடியில் திணித்தேன்.
நாற்காலி இரண்டு சாண் பின்னால் போனது.
டிரில் போட வேண்டாம் என்ற ஒரே நிபந்தனையோடு
அருமைநாயகம் ஷேவிங் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி
மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தான்.
உட்கார்ந்த இடத்திலிருந்து நான் பார்க்கிறேன்:
சுவிட்ச் போர்டு,
காலண்டரின் பாதி டிசம்பர்,
அவனுடைய கட்டைவிரல்,
“இப்போ?”
இன்னும் கொஞ்சம்,
“இப்போ?”
கண்ணாடிக்குள் ஸ்பீக்கரின் முகம் வந்தது.
சுவர் வாய் திறக்கும் இடம் அதுதான்.
பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு
கனத்த ரஜாயை அங்கே தொங்கவிட்டேன்.
போர்த்திக்கொள்ள? என்றான்.
இரண்டு இருக்கிறதே.

எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி.
வருமான வரிச் சட்டத் தடியன்களும்
ஒல்லி ஒல்லியான கவிதைகளும் மேடுபள்ளமாக.
ஒழுங்காக அடுக்காததற்கு
முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்தது.

பேஸ் பாதியாகிவிட்டது.
முதல் இரண்டு நாள் ஏமாற்றம்தான்;
பெட்டிகளை மறுபடி மூலைக்கே தள்ளிவிடலாமென்றுகூட
ஒருமுறை குனிந்தேன்.
மூன்றாம் நாள்
சரணத்துக்கு முன் அவள் எச்சில் விழுங்கியது கேட்டது.
இத்தனை வருஷமும் விழுங்கியிருப்பாள்.
இரண்டு பெட்டிக்கும் நடுவே
ஒன்றுமே இல்லாத இடத்தில்
ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்,
இடது தோளுக்குச் சற்றுப் பின்னால் வயலின்,
தொப்பி அதன் ஆள் மடியில்.

இப்போது பாட்டே வைப்பதில்லையா என்கிறாள்
லிஃப்டில் மிஸஸ் தனேஜா.
தினமும் வைக்கிறேன் என்றேன்.
நம்பவில்லை.
மறுநாள் ஒரு பழைய கம்பளத்தைக் கொடுத்தனுப்பினாள்.
அன்பா, முன்ஜாக்கிரதையா, கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச்சில் ரஜாய்கள் பரணேறிவிடும்.
அந்தப் பெருக்கல் குறியில் அப்புறம் எதை மாட்டுவது?
கூலர் ஓட ஆரம்பித்தபின்
எதைக் கேட்டுக் கிழிக்கப்போகிறாய் என்கிறான் அருமைநாயகம்.
அதுவும் சரிதான்.

கம்பளத்தை மார்பிளில் விரித்து
ஒரு கை தட்டிப் பார்த்தேன்.
இன்னும் இரண்டு கை பாக்கி.